உதட்டைப் படிக்கும் நாயகி

கேள்வி: ‘நானும் ரௌடிதான்’ படத்தின் நாயகி காது கேளாதவர். அவரை யாரும் பரிதாபத்துக்குரியவராகக் காட்டவில்லை. அப்படியிருக்க, சென்ற இதழில் அந்தச் சித்திரிப்பைக் ‘காது கேட்பவர்களின் வசதிக்குச் செய்தது’ என்று எழுதிவிட்டீர்கள். எதையும் கேலி செய்யும் கருப்பு நகைச்சுவைப் படத்தில் இவ்வளவு துல்லியம் தேடுவது, நகைச்சுவை உணர்வு இல்லாதவர் செய்யும் வேலையல்லவா?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: படத்துக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். 2015இல் விக்னேஷ் சிவன் இயக்கி வெளிவந்த அப்படத்தில் நயன்தாரா ஏற்ற காதம்பரி, சிறுவயதில் குண்டுவெடிப்பில் செவித்திறனை இழந்தவர். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கியே தீருவது என்று நிற்பவர். சிரிப்பு பெரும்பாலும் ரௌடி வேடம் போட்டுத் திரியும் நாயகன் தலையில்தான் விழுகிறது. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழியைக் கூசாமல் சொல்லிப் பழகிய நமக்கு இது முன்னேற்றமே.

ஆனால் அவர் உதட்டைப் பார்த்தே உரையாடுகிறார் என்ற ஏற்பாட்டைச் சற்று அருகில் சென்று பாருங்கள். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல், ‘பணம்’ என்றும் ‘மணம்’ என்றும் சொல்லுங்கள். பிறகு ‘பாடு’, ‘மாடு’. உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கும், ஏனென்றால் பகரத்தையும் மகரத்தையும் பிரிக்கும் காரியம் மூக்கில் நடக்கிறது. ககரம் தொண்டையருகே முடிந்துவிடுகிறது. லகர ளகர ழகரங்களில் காது கேட்பவர்களே தடுமாறும்போது, நாக்கின் மடிப்பை வெளியிலிருந்து யார் பார்ப்பது? தமிழ் நாயகர்களின் மீசையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. உதட்டைப் படிப்பவர் பாதியைப் பார்க்கிறார், மீதியை இடம் பொருள் கொண்டு ஊகிக்கிறார், மாலைக்குள் களைத்துப்போகிறார்.

எங்கள் அலுவலகத்தில் பக்க வடிவமைப்புச் செய்யும் நண்பர் காது கேளாதவர். அப்படத்தைப் பார்த்துவிட்டு, கைப்பேசியில் தட்டிக் காட்டினார்: ‘இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிறேன். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சுலபமாகப் போகிறது!’

நான் குறைவான நகைச்சுவையைக் கேட்கவில்லை, கூடுதலாகத்தான் கேட்கிறேன். ஆளைத் தீர்த்துக்கட்டப் பேசும் இடத்தில் ஒரு பகரம் மகரமாகிப்போவதும், காது கேளாதவரிடம் ஊரே உரக்கக் கத்துவதும், முக்கியமான சொல் வரும்போது பேசுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கருப்பு நகைச்சுவைக்குக் கிடைக்கும் அருமையான சரக்கு. அந்தச் சிரிப்பில் கேட்பவர்களின் அசட்டுத்தனமும் சேர்ந்தே அகப்படும். காது கேளாமையைக் கதைக்கு வேண்டியபோது மாட்டி வேண்டாதபோது கழற்றிவைத்தால், இந்தச் சரக்கெல்லாம் வீணாகிறது.

புண்படுவோர் சங்கத்தில் என்னைச் சேர்க்க நினைத்தால், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் சொன்னதைப் பாருங்கள். குறைபாடுள்ளவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, குறைபாட்டைப் பற்றிய நம் வழக்கமான எண்ணங்களைக் கேள்வி கேட்கும் நகைச்சுவை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. நான் கேட்பது இரண்டாவதை.

உங்கள் ஊரிலேயே படமாக்கப்பட்டு 1987இல் வந்த ‘பேசும் பட’த்தை அந்த நண்பருடன் மறுபடி பார்த்தேன். வேலையற்ற இளைஞன் ஒருவன், போதையில் விழுந்துகிடக்கும் செல்வந்தரைக் கட்டிவைத்துவிட்டு, அவருடைய நட்சத்திர ஓட்டல் அறையில் குடியேறும் கதை. வசனம் ஒன்றுகூடக் கிடையாது. நானும் அவரும் ஒரே நொடியில் சிரித்தோம், ஓரிடம் நீங்கலாக. ஓட்டலின் அமைதியில் உறக்கம் வராத நாயகன், தன் பழைய அறைக்கு அருகிலிருந்த திரையரங்கின் இரைச்சலைப் பதிவுசெய்து வந்து, அதை ஓடவிட்டுத் தூங்குகிறான். கருவியில் என்ன ஓடுகிறது என்று நண்பர் சைகையில் கேட்டார். ‘தியேட்டர் சத்தம்’ என்று துண்டுச் சீட்டில் எழுதினேன். எனக்குப் பிறகு சிரிக்கத் தொடங்கி, என்னைவிட நெடுநேரம் சிரித்தார். பிறகு அதே சீட்டில் எழுதினார்: ‘நானாக இருந்தால் பழைய அறையை விட்டே போயிருக்க மாட்டேன். வாடகையும் குறைவு.’