உருது கஜலில் மதுவும் காதலும் தவிர பகுத்தறிவு என்று ஏதாவது இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. நீங்கள் அனேகமாகக் கச்சேரிகளில் பாடும் நாலைந்து கஜல்களை வைத்துத்தான் கேட்கிறீர்கள். எங்கள் ஊர் வாணியம்பாடி, வீட்டில் பேச்சே உருதுதான், அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

நான் வக்கீல் குமாஸ்தா. அலுவலகத்தில் ஒரு ஜூனியர் ஒருநாள், "பாய், உங்க கவிதையெல்லாம் சரக்கும் சோகமும்தானே" என்றார். பதிலுக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு டில்லிக் கவிஞர் காலிபின் ஈரடி ஒன்றைச் சொன்னேன். எங்கள் பாவக்கணக்கென்று தேவதூதர்கள் எழுதி வைத்ததை நம்பி எங்களை அநியாயமாகப் பிடிக்கிறார்களே, அவர்கள் எழுதும்போது எங்கள் ஆள் யாராவது பக்கத்தில் இருந்தாரா என்று கேட்கிறார் மனிதர். ஜூனியர் கையிலிருந்த கேஸ் கட்டைக் கீழே வைத்துவிட்டு, "இது எக்ஸ்பார்ட்டி ஆச்சே!" என்றார். ஆமாம், எதிர்த்தரப்பு இல்லாமலே ஒருதரப்பை மட்டும் வைத்து முடிப்பது, அதுதான் விஷயம். பென்ஷன் பாக்கிக்காக டில்லியிலிருந்து கிளம்பி 1828-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனி அரசிடம் மனுப்போட்டு அலைந்து கடைசியில் தோற்றவர் காலிப். மனு, ஆவணம், எதிர்த்தரப்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி.

உடனே மதத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் தொழுகிறவன்தான். காலிபும் இறைவனை மறுத்தவர் இல்லை, கேள்வி கேட்டவர்.

காதல் வரியிலும் இந்தப் புத்தி வேலை செய்யும். அழக்கூடத் தெம்பில்லாமல் கண்ணீர் பெருமூச்சாகிவிட்டது, தண்ணீர் காற்றாகும் என்பதை இப்போது நம்புகிறேன் என்று ஓரிடத்தில் எழுதுகிறார்.

அப்புறம், பின்னாளில் அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையத் அகமது கான் கதை. அக்பர் கால நிர்வாக நூலான அயினி அக்பரியை அவர் 1855 வாக்கில் பதிப்பித்தபோது, காலிபிடம் பாராட்டுரை கேட்டார். காலிப் பாரசீகத்தில் செய்யுளாகவே எழுதிக் கொடுத்தார்: நீராவியில் கப்பல் ஓடுகிறது, சேதி பறவை மாதிரி பறந்து வருகிறது, இந்தக் காலத்தில் பழைய சட்டத்தைத் தூக்கிப் பிடிப்பானேன், செத்ததைப் போற்றுவது நல்ல காரியமில்லை. சையத் அதை நூலில் சேர்க்கவில்லை. அதே சையத் 1864-ல் காஜிப்பூரில் அறிவியல் சங்கம் தொடங்கினார். காலிப் சொன்னதால்தான் என்று நான் வாதிடவில்லை, ஆனால் முதலில் சொன்னவர் கவிஞர்.

எனக்கு உண்மையில் எரிச்சல் எதில் என்றால், வாட்ஸப்பில் ரோஜாப் படம் போட்டு, எவரோ எழுதிய அழுமூஞ்சி வரிக்குக் கீழே காலிப் என்று பெயர் போட்டு அனுப்புகிறார்களே, அதில்தான். அவருடைய உருது திவான், அதாவது கவிதைத் தொகுப்பு, ஒன்றும் பெரிய புத்தகமில்லை. அனுப்புவதற்கு முன்னால் ஒருதடவை புரட்டிப் பார்த்தால் என்ன?