மருந்துத் தகவல் மையத்துக்கு எஸ்.ஓ.பி. (வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் நடைமுறை ஆவணம்) எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

மருத்துவரும் செவிலியரும் மருந்து பற்றிக் கேட்கும் கேள்வியை வாங்கிக்கொள்ளும் முறையிலிருந்து தொடங்குங்கள். பலரும் எந்தப் புத்தகம், எந்தத் தரவுத்தளம் என்ற பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்: தேடலுக்கு ஆறு பக்கம், கேள்வி வாங்குவதற்கு அரைப் பக்கம்.

அந்த ஆவணத்தை வைத்து வேலை பார்த்த நாளில் ஒரு செவிலியர் போனில், "இந்த மாத்திரையைப் பொடிக்கலாமா?" என்று கேட்டார். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும் மாத்திரை அது. பொடித்தால் நாள் முழுவதுக்குமான டோஸ் மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். "கூடாது" என்றேன். பதில் சரிதான். ஆனால் நோயாளிக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள், அவரால் எதையும் விழுங்க முடியாது. ஏன் பொடிக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு நாள் அவருக்கு மருந்தே போகவில்லை. அதே மருந்து திரவமாகவும் இருந்தது.

அதன் பிறகு முதல் பக்கத்தையே மாற்றினேன். கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், எவ்வளவு நேரத்துக்குள் பதில் வேண்டும், நோயாளியின் வயது, எடை, சிறுநீரகம், கல்லீரல் நிலை, கர்ப்பமா, தாய்ப்பால் கொடுப்பவரா, வேறு என்ன மருந்துகள் என்று எல்லாமே படிவத்தில் வந்தன. இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1975-இல் வாட்டனபேயும் சக மருந்தாளர்களும் மருந்துக் கேள்விகளைக் கையாள வெளியிட்ட படிப்படியான முறையிலும் தேடலுக்கு முன்பே கேட்பவரையும் பின்னணியையும் அறிந்துகொள்ள வேண்டும்.

கேள்வியின் வகைக்கு ஏற்பத் தனிப் படிவம் இருந்தால் இன்னும் நல்லது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை ட்ரிப்பில் ஏற்றுவது பற்றிக் கேட்டால், குழந்தை பிறந்து எத்தனை நாள், கால்சியம் உள்ள திரவம் ஏறுகிறதா என்ற இரண்டையும் கட்டாயம் கேட்க வைக்க வேண்டும். மருந்தும் கால்சியமும் சேர்ந்தால் படிவு உண்டாகும். 28 நாள் வரையுள்ள குழந்தைக்குக் கால்சியம் ட்ரிப் தேவை என்றால் அந்த மருந்தே கூடாது.

தேடல் பகுதியைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். முதலில் கையேடுகள், அப்புறம் மூல ஆய்வுகள். தேடியும் கிடைக்காததையும் பதிவு செய்யுங்கள்.

பதில் சொல்லும் பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம். போனில் டோஸ் சொன்னால், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறைதான். அது 'தினமும்' என்று காதில் விழுந்தால் உயிரே போகலாம். எந்தெந்தப் பதில்களை இரண்டாவது ஆள் பார்த்த பிறகே தரலாம், ஆதாரம் போதாதபோது எப்படிச் சொல்வது, விஷம் உட்கொண்டவர் என்றால் யாரிடம் உடனே அனுப்புவது, இதையெல்லாம் வெளிப்படையாக எழுதுங்கள்.

பதிப்பு எண், மறுஆய்வுத் தேதி, பொறுப்பாளர் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கட்டும். பழைய பிரதிகளைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் ஆவணத்தையும் ஒரு மாதிரிக் கேள்வியையும் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் எல்லாம் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.