ரயில் நிலையத்தில் புத்தகக் கடை

கேள்வி: இங்கிலாந்து போகிறேன். லண்டனைத் தவிர எந்த ஊர்ப் புத்தகக் கடையைப் பார்க்கலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: ஒன்றே ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு வடக்கே ஆனிக் ஊரைச் சொல்வேன். 1887இல் திறந்து 1968இல் மூடப்பட்ட ரயில் நிலையத்தில், 1991 முதல் ‘பார்ட்டர் புக்ஸ்’ பழைய புத்தகக் கடை நடக்கிறது. அலமாரிகளுக்கு மேலே பொம்மை ரயில் ஓடும். குளிர்காலத்தில் கணப்பு எரியும். நம் புத்தகத்தைக் கொடுத்து, அதன் மதிப்புக்கு வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு அருமையான ஏற்பாடு! அரை நாளாவது ஒதுக்குங்கள். ஆனிக் ஊருக்குப் பக்கத்து ரயில் நிலையமான ஆல்ன்மவுத்தில் நிற்கும் ரயிலா என்று பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து பஸ் உண்டு. ஆக்ஸ்போர்டு போனால், பிளாக்வெல்ஸ் கடையில் நேரே நிலவறைக்கு இறங்கிவிடுங்கள். பக்கத்துக் கல்லூரியின் அடியில் விரியும் பெரிய கூடம் அது.