பாம்பும் ஃபெரெட்டும் ஒரே வீட்டில் இருக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். மூத்த மகன் மூன்றடி நீளக் கார்ன் ஸ்னேக் ஒன்று வளர்க்கிறான். இப்போது மகள் இரண்டு ஃபெரெட் (கீரி போல நீண்ட உடலுள்ள சிறு வளர்ப்புப் பிராணி) வாங்கித் தரச் சொல்கிறாள். வீட்டில் 3 வயதுக் கடைக்குட்டியும் 72 வயது மாமியாரும் உண்டு. அவை கீரியும் பாம்புமாக அடித்துக்கொள்ளுமா? எங்களுக்கு நோய் ஏதும் தொற்றுமா?

பதில்: கையில் கிடைத்தால் ஃபெரெட் பாம்பைக் கடித்துக் குதறிவிடும். (அது கீரி இனமல்ல, வீசல் என்ற வேறு குடும்பம், வேட்டைப் புத்தி மட்டும் ஒன்றுதான்.) பாம்புப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டால் சண்டைக்கு இடமில்லை. நான் முதலில் கேட்பது, பாம்புக்கான உறைந்த எலிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை.

ஆரோக்கியமான பாம்பின் கழிவிலும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். எலியிலும் இருக்கலாம், உறைய வைத்தால் அது சாவதில்லை. பிரிட்டனில் 2015 முதல் தீனி எலிகள் வழியாக நூற்றுக்கணக்கானோருக்குத் தொற்றியிருக்கிறது, அவர்களில் குழந்தைகள் பலர். எலிக்குத் தனி ஃப்ரீசர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மூடியிட்ட டப்பாவில், உணவில் படாமல் வையுங்கள். மைக்ரோவேவில் உருக்கவே கூடாது. அதற்கென ஒதுக்கிய பாத்திரத்தில், சமையலறைக்கு வெளியே உருக்கி, இடுக்கியால் எடுத்து மகன் பாம்புக்குக் கொடுக்கட்டும். பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். பெட்டியை முதலில் சோப்பு நீரால் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் விட்டு, நன்றாக அலசி, உலர்த்தியபின் பாம்பை விடலாம். அழுக்கோடு ப்ளீச் ஊற்றினால் அது வேலை செய்யாது.

5 வயதுக்குட்பட்ட குழந்தை பாம்பைத் தொடவே வேண்டாம். மகன் தொட்ட கையோடு தம்பியைத் தூக்கினாலும் போதும், கிருமி வந்துவிடும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் பாம்பு இருப்பதை ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே சரியாகும், ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைக் கரைசல்) போதும். மலத்தில் ரத்தம், குழந்தை சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது என்றால் அன்றே காட்டுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை கொடுக்காதீர்கள். மாமியார் ஒமெப்ரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் அவருக்கும் தொற்று எளிதில் பிடிக்கும்.

ஃபெரெட்டுக்குத் தனி அறை வேண்டும். பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 28 முதல் 32 டிகிரி தேவை; ஃபெரெட்டோ 30 டிகிரியில் வெப்பத்தாக்கு கண்டு சுருண்டுவிடும். பாம்புப் பெட்டி இருக்கும் தரையில் அதை ஓடவிட்டால் கிருமியைச் சோபா வரை கொண்டுவரும். ஃபெரெட்டைக் கொஞ்சிவிட்டுப் பாம்பைத் தூக்குமுன்னும் கை கழுவ வேண்டும். ரோம வாசனையை இரையென்று நினைத்துப் பாம்பு கையைக் கவ்வும். ஃபெரெட்டும் கடிக்கும், கடைக்குட்டியோடு அதை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்.

ஃப்ளூ விஷயத்தில் ஆபத்து ஃபெரெட்டுக்குத்தான், உங்களிடமிருந்து. 1933-இல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே, நோயாளி தொண்டை கொப்பளித்த நீரை ஃபெரெட்டின் மூக்கில் விட்டுத்தான். அது திரும்ப நமக்கும் தும்மிக் கொடுக்கும். எனவே வீட்டில் யாருக்குச் சளிக்காய்ச்சல் வந்தாலும், குணமாகும்வரை ஃபெரெட்டுக்குத் தீனி வைப்பது வேறொருவர் வேலை.