மருமகளின் மந்திரவாதி சாகவில்லை

கேள்வி: முல்லைத்தீவு மல்லாவியில் இருக்கிறேன். அக்காவின் மகளுக்கும் அவளுடைய கூட்டாளிகள் மூன்று பேருக்கும் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டைக் காட்டிக்கொடுத்தேன். எல்லாருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. முதல் நாளே ஆறு கொப்ளின்களோடு (குட்டிப் பூதங்கள்) நடந்த சண்டையில் மருமகளின் பாத்திரமான மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி பூச்சியமானது. செத்துவிட்டாள் என்று சொன்னேன். அழுதுகொண்டு எழும்பிப் போனவள், இனி வரமாட்டேன் என்கிறாள். “இந்த மண்ணில் பார்த்த சாவு காணாதோ, விளையாட்டிலும் வேணுமோ?” என்று அம்மா ஏசுகிறா. அடுத்தமுறை பகடையை மறைத்து உருட்டி, எண்ணை மாற்றிச் சொல்லட்டுமா?

பதில்: தம்பி, முதலில் மருமகளிடம் போய், அவளுடைய மந்திரவாதி சாகவில்லை என்று சொல்லுங்கள். ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, விதியே அதுதான். 1974 இல் வந்த முதல் பதிப்பில் பூச்சியம் என்றால் சாவு. 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பூச்சியம் என்றால் மயக்கம். தன் முறை வரும்போதெல்லாம் அவள் 20 பக்கப் பகடையை உருட்டுவாள். 10 அல்லது அதற்கு மேல் மூன்று தரம் விழுந்தால் பிழைப்பாள், கீழே மூன்று தரம் விழுந்தால்தான் சாவு. இடையில் கூட்டாளி ஒருவர் ஓடிப்போய் வைத்தியம் பார்த்து 10 எடுத்தாலே போதும், அவள் நிலை தேறிவிடும். அடுத்த ஆட்டத்தை அந்த மயக்கத்திலிருந்தே தொடங்குங்கள். மற்றப் பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும்.

முதல் லெவலில் எல்லாருமே கண்ணாடிப் போத்தல்தான். மந்திரவாதிக்கு ஆறோ ஏழோ உயிர்ப்புள்ளி, கொப்ளின் ஒரு அடி அடித்தால் சராசரியாக 5 போகும். அதே 2014 பதிப்பின் கணக்கில், எதிரிகளின் பலத்துக்குப் போடும் புள்ளி (இது உயிர்ப்புள்ளி அல்ல) நாலு புதுப் பாத்திரங்களுக்கு 400 ஐத் தொட்டாலே அது உயிராபத்தான சண்டை. உங்கள் ஆறு கொப்ளின்களும் சேர்ந்து 600. இரண்டு என்றால் இலகு, மூன்று என்றாலே கடினம். ஓகர் என்ற பெரிய அரக்கனை இப்போதைக்கு எட்டியும் பார்க்கவேண்டாம். அதன் ஒரே அடியில் 14 விழுந்தால், 7 உயிர்ப்புள்ளி உள்ள பாத்திரம் மயக்கத்துக்கும் இடமில்லாமல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பகடையை மறைக்கிற யோசனையை விடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் கெட்டிக்காரர், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வென்ற சண்டையும் அவர்களுக்குச் சொந்தமாக இருக்காது. விதியை மாற்றுவதென்றால் எல்லார் முன்னாலும் மாற்றுங்கள்: “மூன்றாம் லெவல் வரைக்கும் ஒருவரும் சாகமாட்டீர்கள், ஆனால் தோற்றால் பிடிபடுவீர்கள், பொருளைப் பறிகொடுப்பீர்கள்.” கொப்ளின்களுக்கும் கொலைதான் நோக்கம் என்றில்லை. சாப்பாட்டு மூட்டை கிடைத்தால் போய்விடும், ஒன்று விழுந்தால் மற்றவை ஓடலாம். முதல் நாள் முடிவிலேயே இரண்டாம் லெவலைக் கொடுத்துவிடுவதும் நல்லது. மூன்றாம் லெவல் வந்ததும் சாவைத் திரும்பச் சேர்ப்பதா என்று பிள்ளைகளையே கேளுங்கள். என் அனுபவத்தில் அநேகமானோர் வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

ஆபத்தை முன்கூட்டியே காட்டவும் வேண்டும். காட்டுப் பாதையில் சூடான யானை இலத்தியைக் கண்டால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார்கள். கதையிலும் அப்படி ஒரு அடையாளம் வையுங்கள்: முறிந்த வண்டி, ஆளில்லாத காவற்பரண், அளவுக்கு மிஞ்சிய காலடி. திரும்பிப் போகவும் ஒரு வழி இருக்கட்டும். தெரிந்துகொண்டு போய் அடிவாங்கினால் பிள்ளை அடுத்தமுறை யோசிக்கும். தெரியாமல் வாங்கிய அடி வெறும் அநியாயமாகத்தான் படும்.

அம்மா சொன்னதைத் தட்டிக்கழிக்காதீர்கள். போர் முடிந்த 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான், ஆனாலும் யாருடைய வீட்டுச் சுவரில் யாருடைய படத்துக்கு மாலை போட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எரியும் ஊர், பதுங்குகுழி, காணாமல்போன அண்ணன், நடந்தே இடம்பெயரும் சனம் எல்லாம் கற்பனைக் கதைகளில் சர்வசாதாரணமாக வரும். இவற்றில் எது வேண்டாம் என்று பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் முதலே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட மட்டை ஒன்றையும் வையுங்கள். அதை யார் தொட்டாலும் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும், ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது.