அச்சாரம் கொடுக்குமுன்: போருக்கு முந்திய வீடும் அதன் உறுதியும்

கேள்வி: யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில், காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில், ஒன்றரைப் பரப்புக் காணியும் 1960களில் கட்டிய சிறிய ஓட்டு வீடும் விலைக்கு வந்திருக்கின்றன. உரிமையாளரான அம்மா கனடாவில் இருக்கிறார். இங்கே அவருடைய மைத்துனர்தான் பேசுகிறார். இந்த வாரத்துக்குள் பத்து இலட்சம் ரூபாய் அச்சாரம் கேட்கிறார். நானும் கணவரும் ஆசிரியர்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். இந்த வாரம் வேண்டாம்.

முற்றம், மாமரம், சந்தைக்கு நடக்கும் தூரம் என்று வீட்டைப் பற்றிக் கடிதத்தில் நிறைய எழுதியிருக்கிறீர்கள். உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெடித்த சுவரை மேசன் சரிசெய்துவிடுவார். உரித்தில் (சொத்துரிமையில்) வெடிப்பு இருந்தால் பிரிவினை வழக்கு உங்கள் பிள்ளைகளின் காலம்வரை இழுபடலாம்.

முதலில் கேட்கவேண்டியது, இந்த வீடு அந்த அம்மாவுக்கு எப்படி வந்தது என்பதை. சீதனமா, பரம்பரையாக வந்த முதுசமா, மணமான பின் வாங்கிய தேடியதேட்டமா? ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இன்றும் நம் காணிகளை ஆள்கிறது. அதனோடு சேரும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். தாய் தகப்பன் கொடுத்த சீதன வீடானாலும் அப்படித்தான். (நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் உறுதி எழுதும் நொத்தாரிசு (நோட்டரி) என் நியாயத்தைப் பார்த்து உறுதி முடிக்கமாட்டார்.) கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழைப் பாருங்கள். வீடு தேடியதேட்டமாக இருந்து கணவர் காலமாகியிருந்தால் அவருடைய பங்கு வாரிசுகளுக்குப் போயிருக்கும். பிள்ளைகளும் கையொப்பம் வைக்கவேண்டிவரும்.

முதுசமாக வந்ததென்றால் சகோதரங்களைக் கணக்கெடுங்கள். பிரிக்கப்படாத பங்கு விற்கப்படும்போது கூட்டு உரிமையாளருக்கும், விற்பவரின் வாரிசாகக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதை வரையறுக்கிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால், பிறகு ஒருவர் வந்து ‘அந்தப் பங்கு எனக்குத்தான்’ என்று வழக்கு வைக்கலாம். ‘அண்ணர் லண்டனில் இருக்கிறார், அவர் ஒன்றும் சொல்லமாட்டார்’ என்ற வாய்ப்பேச்சை நம்பவேண்டாம்.

மைத்துனரிடம் அற்றோர்ணித் தத்துவம் (அந்த அம்மாவுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறதா? இருந்தால் வாங்கி வாசியுங்கள். வீட்டைப் பராமரிக்கவும் வாடகை அறவிடவும் மட்டும் அதிகாரம் கொடுத்திருந்தால் அதைக்கொண்டு விற்க முடியாது. விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டு, ஆவணம் இலங்கையில் பதியப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அதுவும் அன்றோடு செத்துவிடும். ஆகவே அந்த அம்மாவோடு காணொளியில் நேரே ஒருமுறை பேசுங்கள். விலையையும் அவருடைய வாயாலேயே கேளுங்கள்.

காணிப் பதிவகத்தில் வழக்கமாக 30 வருடப் பதிவுகளைத் தேடுவிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் போர் தொடங்கிய 1983க்கு முன்வரை போகவேண்டும் என்பதே என் கருத்து. 1990 ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. வீடுகள் வெறுமையாகக் கிடந்த காலங்களில் கைமாறியதாகக் காட்டும் உறுதிகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். கள்ள உறுதிகளுக்கு வசதியான காலம் அது. முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

உறுதியின் அட்டவணையையும் எழுத்துக்கூட்டி வாசியுங்கள். ‘வீடு, கிணறு, பயன்தரு மரங்கள், வழிவாய்க்கால் உரிமை’ என்று வரும் இடத்தில் கிணறு முழுவதா, பங்கா? பழைய வளவுகளைப் பிரித்தபோது ஒரே கிணற்றை மூன்று வீடுகளுக்கு எழுதியவர்கள் உண்டு. பரப்பு பத்துப் பேர்ச்; உங்களுடையது பதினைந்து பேர்ச் இருக்கவேண்டும். மதில் தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் புதிய நில அளவைப் படம்தான் சொல்லும். சோலைவரி (வீட்டு வரி) நிலுவையை மாநகர சபையில் கேட்டுவிடலாம்.

இனி வீடு. கூரைக்கு ஏணி வைத்து ஏறுங்கள். கூரை மரங்களான பனஞ்சலாகையும் வளையும் சுவருக்குள் புகும் இடத்தில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். வைரம் ஏறிய பனை கத்தியை உள்ளே விடாது. பொருக்காக உதிர்ந்தால் கறையான் வேலை, கூரை முழுவதற்கும் செலவு வைத்துக்கொள்ளுங்கள். சில ஓடுகள் மட்டும் புதிதாக இருந்தால் அதன் நேர்கீழே சுவரைப் பாருங்கள்; ஷெல் விழுந்து அடைத்த வெடிப்பாக இருக்கலாம். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி அடியிலிருந்து உவர் பூத்துக் கிளம்பும். புதுப் பெயின்ற் அதை இரண்டு மாதத்துக்கு மறைக்கும், அவ்வளவுதான்.

கிணற்றை மாரிக்கு முன், புரட்டாதியில் பார்த்தால் உண்மை தெரியும். யாழ். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் நம் தண்ணீர். அந்தக் கல் கழிவையும் அப்படியே இறங்கவிடும். ஒன்றரைப் பரப்பில் உங்கள் மலக்குழி தள்ளியிருந்தாலும் அடுத்த வளவுக்காரருடையது உங்கள் கிணற்றருகே இருக்கலாம்; மதிலுக்கு அப்பாலும் எட்டிப் பாருங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து நைத்திரேற்றைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தை உள்ள வீடென்றால் இதை விட்டுவிடவே கூடாது. ஒழுங்கைக்குக் குழாய்நீர் வந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். வண்ணார்பண்ணையில் கோயில் ஒலிபெருக்கி இல்லாத வீடு தேடுவது வீண். மாலை ஆறு மணிக்கு ஒருமுறை போய், ரியூசன் விட்ட சைக்கிள்களுக்கு நடுவே உங்கள் வாகனம் ஒழுங்கைக்குள் திரும்புகிறதா என்று பார்த்தால் போதும்.

கடைசியாக அந்தப் பத்து இலட்சம். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதும் பற்றுச்சீட்டைக் காட்டி வீட்டை எழுதித்தா என்று கேட்க முடியாது. மூல உறுதிகளின் பிரதியை வாங்கி, உங்களுக்கான நொத்தாரிசை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரின் ஆளையே வைத்துக்கொள்ள வேண்டாம். உரித்துச் சரியென்று அவர் எழுத்தில் தந்த பின், அந்த அம்மாவின் கணவருடைய சம்மதம் கிடைக்காவிட்டால் அச்சாரம் முழுவதும் திரும்ப வரவேண்டும் என்ற நிபந்தனையோடு உடன்படிக்கை எழுதுங்கள். ‘வேறு ஆள் காசோடு நிற்கிறார்’ என்று மைத்துனர் சொல்வார். நிற்கட்டும்.