மருத்துவமனைப் பாக்கிக்கு ஜெயிலா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். போன வருடம் அம்மாவுக்கு மாரடைப்பு வந்து, அவசரத்துக்குக் கிட்டத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பாதிதான் கட்டியது, பாக்கி 38,000 ராண்ட். வசூல் ஆள் தினமும் போன் போட்டு அம்மாவை ஜெயிலில் போடுவோம் என்கிறார். மூன்று வருடம் பேசாமல் இருந்தால் கடன் தானாகப் போய்விடும் என்கிறார் மாமா. யாரை நம்புவது?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், ஜெயில் கிடையாது. கட்ட வழியில்லாத கடனுக்காக ஆளைச் சிறையில் அடைக்கும் வழக்கத்தை அரசியல் சாசன நீதிமன்றம் 1995-லேயே ஒழித்துவிட்டது. நோயாளியை இப்படி மிரட்டுவது அநியாயம். அந்த ஆளின் பெயர், பதிவு எண் இரண்டையும் கேட்டு வாங்கி, கடன் வசூலிப்போர் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள்.

அப்புறம், ஒரு ராண்ட் கட்டுவதற்கு முன்னால் மெடிக்கல் எய்டைப் பிடியுங்கள். மாரடைப்பு பிஎம்பி என்கிற கட்டாயச் சலுகைப் பட்டியலில் இருக்கிறது, அவசரத்தில் போனது அவர்கள் பட்டியலில் இல்லாத மருத்துவமனையாகவே இருந்தாலும் பில் முழுவதையும் அவர்கள்தான் கட்ட வேண்டும். உடம்பு ஓரளவு தேறியதும் வேறு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லி நீங்கள் மறுத்திருந்தால்தான் சிக்கல். பல சமயம் பில்லில் நோய்க் கோட் தப்பாக விழுந்திருக்கும், மாரடைப்புக்கு ஐ21 என்று தொடங்கும், அதைப் பாருங்கள். தப்பென்றால் மருத்துவமனையைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம் கவுன்சிலில் புகார் கொடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

மாமா சொல்வது பாதி சரி. மூன்று வருடத்தில் காலாவதி ஆகும், ஆனால் அதற்குள் சம்மன் வந்தால் அந்தக் கணக்கு நின்றுவிடும். நடுவில் நூறு ராண்ட் கட்டினாலோ, கடனை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ மூன்று வருடமும் மறுபடி முதலிலிருந்து. சம்மன் வந்து 10 வேலை நாளுக்குள் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கிவிடுவார்கள், அந்தத் தீர்ப்புக்கு 30 வருடம் உயிர் உண்டு, சம்பளத்திலும் வீட்டுச் சாமானிலும் கை வைக்கலாம். ஆகவே சம்மன் வந்தால் அன்றைக்கே சட்ட உதவி தரும் லீகல் எய்ட் அலுவலகத்துக்கு ஓடுங்கள்.

அட்மிஷன் ஃபாரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பணத்துக்குப் பொறுப்பு என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், உங்கள் பேரிலும் சம்மன் வரலாம்.